குளிர் யார் பக்கம்?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க விளையாட்டு) ரசிகர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அலபாமா, ஜார்ஜியா என்று தெற்கத்தி அணி ஏதாவது ஒன்றின் பெயர் அடிபட்டதுமே, "அவர்களை டிசம்பரில் இங்கே வந்து ஆடச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்" என்பார். ஒஹாயோ, மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா எங்கே போனாலும் இதே பேச்சுதான். தெற்கத்தி அணிகள் வெயிலில் வளர்ந்தவை, விரல் மரத்துப்போகும் குளிரில் அவர்களுடைய வேகமெல்லாம் அடங்கிவிடும் என்பது வடக்கு ரசிகர்களின் நம்பிக்கை. அதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்பது தெற்கின் பதில்.

இந்தச் சண்டையில் எனக்கு ரொம்ப நாளாக ஈடுபாடு உண்டு. நவம்பர் கடைசியில் கூரையில்லாத ஸ்டேடியம் ஒன்றில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பாதி தொடங்கியபோது கையுறையைக் கழற்றி ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு பறந்து வரும் பந்தை எப்படிப் பிடிக்கிறார்கள்? அன்றைக்கு எழுந்த கேள்வி அப்படியே மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: குளிர் ஆட்டத்தை நிஜமாகவே மாற்றிவிடுகிறது, ஆனால் உள்ளூர் அணிக்கு அனுகூலமாகத்தான் மாற்றும் என்று சொல்ல முடியாது. அனுகூலமாக அமையும் இடங்களிலும் அதற்குக் காரணம் பெரும்பாலும் முன்தயாரிப்பு. இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சிறிய சாதகத்தைக்கூடப் பயன்படுத்திப் பார்க்க வடக்கு அணிகளுக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக வாய்ப்பே தரப்படவில்லை.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையில் உள்ள அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் வீசுவதை ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்கலாம். தேறாது என்று தோன்றினால் பந்தைக் காலால் உதைத்து எதிரணியிடம் தூரமாக அனுப்பிவிடலாம், இதற்குப் பெயர் பன்ட். கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி, அது ஃபீல்டு கோல். பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு, அது டச் டவுன். ஓடுவது, வீசுவது, பிடிப்பது, உதைப்பது என்ற நான்கில் ஓட்டத்தைத்தான் குளிர் ஓரளவு விட்டுவைக்கிறது. மற்ற மூன்றையும் அது பதம் பார்க்கும்.

கல்லூரி ஃபுட்பால் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் விடுமுறை வார இறுதியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆக, நிஜமான கடுங்குளிர் வருவதற்குள் கல்லூரி மைதானங்களில் ஆட்டமும் ஓய்ந்துவிடும். பட்டத்தையும் பெருமையையும் தீர்மானிக்கிற பெரிய ஆட்டங்கள் அதற்குப் பிறகு வருகின்றன. அவை ஏறக்குறைய எல்லாமே நடந்தது தெற்கிலும் மேற்கிலும்தான்.

காரணம் சுற்றுலா. கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்தில் 1890-இல் ரோஜா ஊர்வலம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிழக்கே எல்லோரும் பனியில் நடுங்கும்போது எங்கள் ஊரில் ஜனவரியில் பூப் பூக்கிறது பாருங்கள் என்று காட்டுவதுதான் நோக்கம். அந்த விழாவுக்குக் கூட்டம் சேர்க்க 1902-இல் ஒரு ஃபுட்பால் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன் ரயிலேறி வந்து ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று அடித்து நொறுக்கியது. எட்டு நிமிடம் பாக்கி இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. இதுதான் பின்னாளில் ரோஸ் பவுல் ஆனது. சீசன் முடிந்தபின் நடக்கும் இந்த மாதிரிச் சிறப்பு ஆட்டங்களுக்கு பவுல் என்றே பெயர். அதைப் பார்த்து மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், டெக்சஸின் எல் பாசோவில் சன் பவுல் மூன்றும் 1935-இல் வந்தன. டல்லஸில் காட்டன் பவுல் 1937-இல் வந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் குளிர்காலப் பயணிகளை வரவழைக்க ஒவ்வொரு நகரமும் கண்டுபிடித்த வழி இது. வடக்கு ரசிகர் காசைச் செலவழித்து வெயிலுக்கு வர வேண்டும் என்பதுதான் கணக்கு. தெற்கத்தி ரசிகரைப் பனிக்குக் கூட்டிப்போவதில் யாருக்கு என்ன லாபம்?

இதன் விலையைக் கொடுத்தவர்கள் வடக்கு அணிகள். அவற்றில் பெரும்பாலானவை இருக்கும் பிக் டென் கூட்டமைப்பு, 1975 வரை ரோஸ் பவுல் தவிர வேறு எந்த பவுல் ஆட்டத்துக்கும் தன் அணிகளை விடவில்லை. ரோஸ் பவுலில் எதிரே நிற்பது மேற்குக் கடற்கரை அணி, பல தடவை பக்கத்து ஊரான லாஸ் ஏஞ்சலஸின் அணி. மிச்சிகனின் புகழ்பெற்ற கோச் போ ஷெம்பெக்லர் அங்கே பத்து முறை போய் எட்டு முறை தோற்றார். அந்த எட்டில் நான்கு யுஎஸ்சி-யிடம், ஒன்று யுசிஎல்ஏ-விடம். இரண்டும் லாஸ் ஏஞ்சலஸ் அணிகள், அதாவது ஏறக்குறைய உள்ளூரிலேயே ஆடியவை. "பெரிய ஆட்டத்தில் பிக் டென் சொதப்பும்" என்று ஒரு பேச்சு பரவியதில் இந்தத் தோல்விகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே இரண்டு அணிகளும் ஒரு வருஷம் மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பரில் ஜனவரி முதல் தேதி ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. வடக்கு ரசிகர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

2024-இல் விதி மாறியது. நான்கு அணிகளுக்கு இருந்த தேசிய பிளேஆஃப், அதாவது பட்டத்தைத் தீர்மானிக்கும் தோற்றால் வெளியேறும் போட்டி, பன்னிரண்டாக விரிந்தது. தரவரிசையில் ஐந்து முதல் எட்டு வரை உள்ள அணிகள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த மைதானத்தில், டிசம்பர் மூன்றாம் வாரம் ஆடலாம் என்றார்கள். கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டில் இப்படி நடப்பது இதுதான் முதல் முறை. டிசம்பர் 20, 21 தேதிகளில் நான்கு ஆட்டம், நான்கிலும் உள்ளூர் அணிதான் ஜெயித்தது. டென்னசி அணி கொலம்பஸுக்கு வந்து ஒஹாயோ ஸ்டேட்டிடம் 42-17 என்று தோற்றது. டல்லஸிலிருந்து வந்த எஸ்எம்யூ, பென் ஸ்டேட்டிடம் 38-10. நோட்டர் டேம் இண்டியானாவை 27-17 என்றும் டெக்சஸ் கிளெம்சனை 38-24 என்றும் வென்றன. கொலம்பஸிலும் பென் ஸ்டேட்டிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்று வடக்கு முழுக்க ஒரே கொண்டாட்டம்.

எனக்கும் அன்றைக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நான்கு ஆட்டங்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் குளிருக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்துகொண்டே போகிறது. நோட்டர் டேமும் இண்டியானா பல்கலைக்கழகமும் ஒரே மாநிலத்தில் இருப்பவை, அந்தக் குளிரில் யாருக்கும் புதுசு ஒன்றும் இல்லை. டெக்சஸ் ஆட்டம் நடந்த ஆஸ்டினில் பனியே கிடையாது, அங்கேயும் உள்ளூர் அணிதான் வென்றது. கொலம்பஸில் முதல் கால்பகுதி முடியும்போதே ஒஹாயோ ஸ்டேட் 21-0. அந்த அணி அப்புறம் பாசடீனாவின் வெயிலில் ஓரிகனையும், டல்லஸ் பக்கம் கூரைக்குள் டெக்சஸையும், அட்லாண்டாவில் கூரைக்குள் நோட்டர் டேமையும் வீழ்த்திப் பட்டம் வாங்கியது. எங்கே விட்டாலும் ஜெயிக்கிற அணி குளிரில் ஜெயித்ததற்குக் குளிரையா காரணம் சொல்வது? எஸ்எம்யூ ஆட்டம் ஒன்றில்தான் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் வீசிய பந்தை முதல் பாதியில் எதிரணி இரண்டு முறை பறித்துக்கொண்டு போய் டச் டவுன் போட்டது. அந்த வீச்சுகளில் எவ்வளவு பங்கு மரத்த விரலுக்கு, எவ்வளவு பென் ஸ்டேட் தடுப்பாளர்களுக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சரி, குளிர் அப்படி என்னதான் செய்கிறது? பந்திலிருந்து தொடங்கலாம். ஃபுட்பாலுக்குள் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. 21 டிகிரி செல்சியஸ் அறையில் 13 பிஎஸ்ஐ-க்குக் காற்றடித்த பந்தை மைனஸ் 4 டிகிரி மைதானத்துக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் தானாகவே 11-க்கும் கீழே இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான். அழுத்தம் குறைந்த பந்தைப் பிடிப்பது கொஞ்சம் சுலபம். ஆனால் அதே குளிரில் மேல்தோல் விறைத்து வழுவழுப்பாகிவிடுவதால் அந்தச் சலுகையும் போய்விடுகிறது. உதைக்கும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். காலில் பட்ட பந்து துள்ளாது. போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 4 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் அதிகம், பந்து அதைக் கிழித்துக்கொண்டு போயாக வேண்டும். உதைப்பவரின் எல்லை சில யார்டுகள் குறைந்துவிட்டதென்று கோச்கள் கணக்குப் போட்டுக்கொள்வது இதனால்தான். ஆனால் வெறும் குளிரைவிடக் காற்று பல மடங்கு கொடுமையானது. மைனஸ் 5 டிகிரியில் காற்றே அசையாத ஒரு மாலையில் நன்றாகப் பந்து வீசலாம். 8 டிகிரியில் பலமான குறுக்குக்காற்று அடித்தால் முடியாது. தொலைக்காட்சியில் வெப்பநிலையை மட்டும் பெரிதாகக் காட்டுவதால் நாமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து உடம்பு. குளிர் பட்டதும் உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற, கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. கையின் தோல் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்களின் நுட்பமான அசைவு நன்றாகக் குறையத் தொடங்கும். நரம்பு செய்தி கடத்தும் வேகமும் குறையும். தசை குளிர்ந்தால் வெடிப்போடு பாய்கிற சக்தி மட்டுப்படும். இவ்வளவும் உண்மை, ஆனால் இவ்வளவும் இரண்டு அணிக்கும் பொது. மினியாபொலிஸில் பிறந்தவனின் விரலும் மயாமியில் பிறந்தவனின் விரலும் ஒரே மாதிரிதான் மரத்துப்போகும்.

வெயில் விஷயத்தில் அப்படி இல்லை. நல்ல வெயிலில் பத்து முதல் பதினான்கு நாள் பயிற்சி எடுத்தால் உடம்பே மாறுகிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது, ஒரே அளவு வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. குளிருக்கு உடம்பு பழகுவது இதோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். நடுக்கம் சற்றுக் குறையும், அசௌகரியம் மனதைக் குழப்புவது குறையும், அவ்வளவுதான். மனிதன் குளிரைச் சமாளிப்பது உடையாலும் நெருப்பாலும். அதனால் செப்டம்பர் முதல் வாரம் புளோரிடாவுக்குப் போகும் வடக்கு அணிக்கு ஏற்படும் சிரமம், டிசம்பரில் ஒஹாயோவுக்கு வரும் தெற்கத்தி அணியின் சிரமத்தைவிட உடல்ரீதியாகப் பெரியது. மயாமி பல்கலைக்கழக அணி ஆடும் ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் 2016-இல் விதானம் போட்டார்கள். பகல் ஆட்டங்களில் உள்ளூர் அணி உட்காரும் பக்கம் நிழலில் இருக்கும், விருந்தாளி பக்கம் வெயிலில் காயும். வானிலையைச் சொந்த மைதானச் சாதகமாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. வடக்கு அணிகளில் ஆடுபவர்கள் எல்லோரும் வடக்கத்திக்காரர்களா? பெரிய கல்லூரிகள் நாடு முழுக்கத் தேடி ஆள் எடுக்கின்றன. நல்ல வீரர்கள் அதிகம் கிடைப்பது புளோரிடா, டெக்சஸ், ஜார்ஜியா, கலிபோர்னியாவில். டென்னசிக்கு எதிராகக் கொலம்பஸ் குளிரில் இரண்டு டச் டவுன் போட்ட ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர் ஜெரமையா ஸ்மித் மயாமி வட்டாரத்துப் பையன். கல்லூரியில் அவருக்கு அது முதல் வருஷம். குளிரில் வளர்ந்தவன் சாதிப்பான் என்ற வாதத்தை இவரை வைத்து எப்படி நிறுவுவது? பயிற்சியும் வெட்டவெளியில் நடப்பதில்லை. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட் எல்லாவற்றிடமும் முழு அளவு உள்ளரங்கப் பயிற்சி மைதானம் இருக்கிறது.

ஆகக் குளிரில் ஒரு அணிக்கு உண்மையாகவே சாதகம் தருவது கைப்பழக்கம். எந்த மைதானத்துக்கு எந்த ஷூ, உள்ளே எத்தனை அடுக்குத் துணி, விரலை எப்போது சூட்டுப் பைக்குள் வைப்பது, ஈரப்பந்தை எப்படித் துடைப்பது, எந்தப் பக்கக் காற்றில் உதைக்கலாம் என்கிற சின்னச் சின்ன அறிவுகள். இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் ஆட்டம் தொழில்முறைப் போட்டியில் நடந்தது, ஆனால் கல்லூரிக்கும் அதில் ஒரு கை உண்டு. 1934 டிசம்பர் 9, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ், தேசிய லீக் பட்டத்துக்கான ஆட்டம். மைதானம் பனிக்கட்டியாக இறுகிக் கிடந்தது. சீசன் முழுக்கத் தோற்காத சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸை விட முன்னிலையில் இருந்தது. ஆணி ஷூ வழுக்குகிறது, ரப்பர் அடிப்பாகம் உள்ள கூடைப்பந்து ஷூ கிடைத்தால் நிற்கலாம் என்று ஜயன்ட்ஸ் பக்கம் யாருக்கோ தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடியிருந்தன. அணிக்கு உதவியாளாக இருந்தவர் மன்ஹாட்டன் கல்லூரிக்கு ஓடி, அங்கே இருந்த கூடைப்பந்து ஷூக்களை அள்ளிக்கொண்டு வந்தார். இரண்டாம் பாதியில் அவற்றை மாட்டிக்கொண்டு இறங்கிய ஜயன்ட்ஸ் கடைசிக் கால்பகுதியில் மட்டும் 27 புள்ளி குவித்து 30-13 என்று வென்றது. சிகாகோ நியூயார்க்கைவிடக் குளிரான ஊர். குளிரில் பழகியது யார் என்பது அன்றைக்கு முக்கியமாக இல்லை, வழுக்காத ஷூ யார் காலில் இருந்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது.

இப்போது அந்தச் சாதகமும் சுருங்கிவிட்டது. சூடாக்கப்பட்ட பெஞ்சு விருந்தாளி அணிக்கும் கிடைக்கிறது. வானிலை அறிக்கை பத்து நாள் முன்னாலேயே கையில் இருக்கிறது. பெட்டி பெட்டியாக ஷூ ஏற்றிக்கொண்டு வர எந்தப் பெரிய அணிக்கும் பணம் இல்லாமல் போகாது.

குளிர் உள்ளூர் அணியையே கவிழ்த்த கதைக்கு வருகிறேன். கல்லூரி ஃபுட்பாலில் பனி என்றதும் எல்லோரும் சொல்வது 1950 நவம்பர் 25-ஆம் தேதி கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஆடிய ஆட்டம். அப்பலாச்சியன் மலைப் பக்கத்திலிருந்து வீசிய பெரும் பனிப்புயல் அன்று ஊரையே மூடியிருந்தது. வெப்பநிலை மைனஸ் 12 டிகிரி செல்சியஸை ஒட்டி, காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேல். கோடுகளைப் பார்க்க ஆட்களை வைத்துத் துடைப்பத்தால் பெருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஐம்பதாயிரம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு கோச்களும் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பந்தைக் கையில் வைத்திருப்பதுதான் ஆபத்து, அதை எதிரியிடம் தள்ளிவிட்டு அவன் தவறவிடுவதற்குக் காத்திருப்போம். அதனால் முதல் முயற்சியிலேயே பன்ட் உதைத்த கட்டங்கள் வந்தன. இரண்டு அணியும் சேர்ந்து 45 பன்ட். மிச்சிகனின் சக் ஆர்ட்மன் மட்டும் 24 தடவை உதைத்தார். ஒஹாயோவுக்காக 21 தடவை உதைத்த விக் ஜனோவிச் அந்த வருஷம் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். முதல் பாதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, தன் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் உதைத்த ஒரு பந்தை மிச்சிகன் வீரர் மறித்து அதன் மேல் விழுந்தார், டச் டவுன். ஏற்கெனவே இன்னொரு மறிப்பில் இரண்டு புள்ளி கிடைத்திருந்தது. மிச்சிகன் 9-3 என்று வென்றது. ஆட்டம் முழுக்க அந்த அணி ஒரு முறைகூடப் பத்து யார்டு தேறவில்லை, ஒரு பாஸ்கூடப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் ரோஸ் பவுலுக்குப் போனது அதுதான். சொந்த மைதானத்தில் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் கோச் வெஸ் ஃபெஸ்லர் பதவி விலகினார். அவர் இடத்துக்கு 1951-இல் வந்தவர் வுடி ஹேஸ். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வரலாற்றில் பெரும்பகுதியை அடுத்த 28 சீசன்களில் எழுதியவர் அவர்தான். ஒரு பனிப்புயல் இல்லாமல் போயிருந்தால் இதில் எதுவும் இந்த வழியில் நடந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இந்த ஆட்டம் சொல்லித்தருகிற கணக்கு முக்கியமானது. புள்ளி எடுக்கிற வாய்ப்புகள் குறையக் குறைய, ஒரு தவறு, ஒரு மறிப்பு, ஒரு வழுக்கல் ஆட்டத்தையே தீர்த்துவிடுகிறது. நாற்பது புள்ளி எடுக்கிற ஆட்டத்தில் திறமைசாலி அணிக்குத் தன் உயரத்தைக் காட்ட நேரம் இருக்கும். பத்துப் புள்ளி ஆட்டத்தில் அது கிடைக்காது. அதாவது மோசமான வானிலை பலவீனமான அணிக்கு நண்பன். பிளேஆஃபில் சொந்த மைதானம் கிடைப்பது தரவரிசையில் மேலே இருக்கும் அணிக்கு, அதாவது பெரும்பாலும் பலமான அணிக்கு. பனி கொட்ட வேண்டும் என்று அந்த அணியின் ரசிகர் வேண்டிக்கொண்டால், எதிரிக்காக வேண்டிக்கொள்கிறார் என்றே அர்த்தம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி, டென்னசி ஆட்டத்துக்கு மூன்றே வாரம் முன்னால், அதே கொலம்பஸில், அதே போன்ற குளிரில், அதே ஒஹாயோ ஸ்டேட் தன்னைவிட மிகப் பலவீனமாகக் கருதப்பட்ட மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. எட்டிவிடக்கூடிய தூரத்திலிருந்து உதைத்த இரண்டு ஃபீல்டு கோல் தவறியது. அன்றைக்கு யாரும் குளிர்ச் சாதகம் பற்றிப் பேசவில்லை.

தெற்கத்தி அணி குளிரில் தோற்கும்போது மட்டும் குளிரைக் காரணமாக எழுதிக்கொள்கிற பழக்கம் நமக்கு உண்டு. தொழில்முறை லீக்கில் புளோரிடாவின் டாம்பா பே அணி, வெப்பநிலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்த ஆட்டங்களில் 21 தடவை ஆடி 21 தடவையும் தோற்றிருந்தது. குளிர் வந்தால் இவர்கள் காலி என்று வருஷக்கணக்கில் பேசினார்கள். 1976-இல் தொடங்கிய அந்த அணி தன் முதல் 26 ஆட்டங்களையும் தோற்றது, அதற்குப் பிறகும் பல வருஷம் வெயிலிலும் மழையிலும் எல்லா இடத்திலும் தோற்றது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2002-இல் அவர்களிடம் நல்ல அணி அமைந்தது. அந்த டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் மைதானம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்ததால் ஆட்டம் இலினாய் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஸ்டேடியத்தில் நடந்தது. அங்கே 4 டிகிரிக்குக் கீழான குளிரில் டாம்பா பே 15-0 என்று வென்றது. அடுத்த மாதம் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றது.

இன்னொரு கல்லூரி மைதானம், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினுடையது. 1982 முதல் 2008 வரை அந்தப் பல்கலைக்கழக அணி கூரை மூடிய மெட்ரோடோமில் ஆடியது. கல்லூரி ஃபுட்பாலுக்குத் திறந்த வானம்தான் அழகு என்று நினைத்தவர்கள் பாடுபட்டு, 2009-இல் வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளி ஸ்டேடியம் கட்டினார்கள். அந்த ஊர்த் தொழில்முறை அணியான வைக்கிங்ஸ் 2016 ஜனவரி 10-ஆம் தேதி அதே இடத்தில் சியாட்டிலை எதிர்கொண்டது. மைனஸ் 21 டிகிரி செல்சியஸ். கடைசி நிமிடத்தில் வெறும் 27 யார்டிலிருந்து உதைத்தால் வெற்றி என்ற நிலை. பந்து கம்பத்துக்கு இடப்பக்கமாக விலகிப் போனது. உள்ளூர் அணி 10-9 என்று தோற்றது.

குளிரான ஊர்களிலேயே குளிரான ஊர் ஒன்றில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. கல்லூரி ஃபுட்பாலின் இரண்டாம் தட்டில் 1978 முதலே பிளேஆஃப் உண்டு, இறுதி ஆட்டம் தவிர மற்றவை பெரும்பாலும் கல்லூரி மைதானங்களிலேயே நடக்கும். மொண்டானா, டகோட்டா மாநிலங்களில் டிசம்பர் ஆட்டம் என்றால் பனி நிச்சயம். அந்தத் தட்டில் 2011 முதல் 2024 வரையிலான சீசன்களில் பத்துப் பட்டம் வென்றது நார்த் டகோட்டா ஸ்டேட். இருப்பது ஃபார்கோவில், ஜனவரியில் மைனஸ் 20 எல்லாம் சாதாரணமான ஊர். அவர்கள் ஆடுவதோ ஃபார்கோடோம் என்ற மூடிய அரங்கத்தில். சுமார் 19,000 பேர் போடும் சத்தம் கூரையில் பட்டுத் திரும்புவதில் எதிரணிக்குத் தன் குவார்ட்டர்பேக் கத்துவதே கேட்காது. பனியைக் கைவசம் வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டுச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அதோடு ஜெயித்தார்கள்.

சொந்த மைதானம் என்பதில் குளிரைவிடக் கனமான சங்கதிகள் இவைதான் என்று நான் நம்புகிறேன். மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் மூன்றின் ஸ்டேடியங்களும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். அந்தக் கூட்டம், பயண அலுப்பு, பழகாத அறை, காதைப் பிளக்கும் இரைச்சல் எல்லாம் ஜூலையிலும் இருக்கக்கூடியவை. குளிர் அவற்றோடு ஒட்டிக்கொண்டு பேர் வாங்கிக்கொள்கிறது.

அப்படியிருந்தும் பெரிய ஆட்டங்கள் வடக்கில் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. யார் ஜெயிப்பார்கள் என்பதற்காக இல்லை, நூறு வருஷமாக ஒரே பக்கம் பயணப்பட்டவர்களுக்கு மறுபக்கமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. இப்போதைய விதியில் ஒரு கோணல் இருக்கிறது. முதல் நான்கு இடத்தில் உள்ள அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. அவர்கள் நேராகக் காலிறுதிக்கு வருவார்கள், காலிறுதி நடப்பது வழக்கம்போல பவுல் நகரங்களில். அதாவது சீசனை மிக நன்றாக ஆடிய வடக்கு அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது, கொஞ்சம் சறுக்கிய அணிக்கு உண்டு. பிக் டென் கூட்டமைப்பும் தன் பங்குக்கு, 2011 முதல் தன்னுடைய பட்டத்துக்கான ஆட்டத்தை இண்டியானபொலிஸில் கூரைக்குள் நடத்துகிறது.

2025 சீசனில் இந்தக் கோணல் பளிச்சென்று தெரிந்தது. டிசம்பர் முதல் வாரம் இண்டியானபொலிஸ் கூரைக்குள் இண்டியானா ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றது. முந்தைய வருஷம் கொலம்பஸ் குளிரில் விழுந்த அதே புள்ளிக்கணக்கு, இந்தத் தடவை பனியும் இல்லை, காற்றும் இல்லை. அந்த இரண்டு அணிகளும் தரவரிசையில் முதல் இரண்டு இடம் பிடித்து ஓய்வு பெற்றன. முதல் சுற்று நடந்த ஊர்கள் ஓக்லஹோமாவின் நார்மன், டெக்சஸின் காலேஜ் ஸ்டேஷன், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு, ஓரிகனின் யூஜின். கடுங்குளிர்க்காட்டில் ஒன்றுகூட இல்லை. நார்மனில் அலபாமாவும் காலேஜ் ஸ்டேஷனில் மயாமியும் விருந்தாளிகளாக வந்து வென்றுவிட்டுப் போயின. அப்புறம் ஒஹாயோ ஸ்டேட் காட்டன் பவுலில் கூரைக்குள் மயாமியிடம் தோற்றது. இண்டியானா பாசடீனாவில் அலபாமாவையும் அட்லாண்டாவில் ஓரிகனையும் வென்று, 2026 ஜனவரி 19 அன்று மயாமி அணியை அதன் சொந்த மைதானமான ஹார்ட் ராக் ஸ்டேடியத்திலேயே 27-21 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கியது. அந்த இண்டியானா அணியின் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா மயாமியில் வளர்ந்தவர். நாட்டின் தலைசிறந்த இரண்டு அணிகளின் சொந்த மைதானங்கள், ப்ளூமிங்டனிலும் கொலம்பஸிலும், அந்த டிசம்பர் முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லாமல் கிடந்தன.